பத்து ஆண்டு ஆனதும் குற்றப் பதிவு தானாக அழிந்துவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று தென்னாப்பிரிக்காவில் நம்மவர் வாழும் ஊர்களிலிருந்து ஆசிரியர், தாதியர், வெல்டர், கப்பல் பணியாளர் எனப் பலர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறார்கள். அவர்களில் சிலருக்கு இளவயதில் நடந்த ஒரு சிறு வழக்கு பிறகு குறுக்கே வந்து நிற்கிறது. கடையில் ஒரு பொருளை எடுத்தது, கைகலப்பு, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, சட்டைப்பையில் கொஞ்சம் டாகா (கஞ்சா), இப்படி ஏதாவது ஒன்று. வேலை உறுதியாகி, இங்கிருக்கும் வேலையை விட்டுவிட்டு, விசாவுக்குக் காகிதம் சேர்க்கும்போதுதான் அது தெரிய வருகிறது. "அதெல்லாம் பத்து வருஷம் ஆயிடுச்சு, பதிவு தானா போயிருக்கும்" என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது தவறான நம்பிக்கை. விண்ணப்பித்தால்தான் பதிவு அழியும். உள்நாட்டில் அழிந்த பிறகும் சில வெளிநாடுகள் அதைக் கேட்கும். இந்த இரண்டையும் தெரியாமல் நல்ல வேலைகளை இழப்பவர்களுக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில், தன் பெயரில் பதிவு இருப்பதே பலருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை இரவு போலீஸ் நிலையத்தில் வைத்து, "இந்த முந்நூறு ராண்டைக் கட்டிக் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லியிருப்பார்கள். கோர்ட் வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். 1977ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி கட்டிய அந்தப் பணம் 'அட்மிஷன் ஆஃப் கில்ட்', அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம். மாஜிஸ்திரேட் கோர்ட்டின் பதிவேட்டில் அது ஏறியதும், கோர்ட்டே விசாரித்துத் தண்டித்ததற்கு ஒப்பாகச் சட்டம் அதைக் கருதியது. கைரேகையும் எடுத்திருந்தால் விவரம் பிரிட்டோரியாவில் உள்ள போலீஸ் குற்றப் பதிவு மையத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பதிவு இருக்குமா இருக்காதா என்று ஊகிக்க அன்று கைரேகை எடுத்தார்களா என்பதை நினைவுபடுத்திப் பார்ப்பது நல்ல வழி. கேமராவில் சிக்கிய வேகத்துக்கும் பார்க்கிங்குக்கும் கட்டும் சாதாரண போக்குவரத்து அபராதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டியது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

ஐயமிருந்தால் வேலை தேடும் முன்பே போலீஸ் கிளியரன்ஸ், அதாவது குற்றப் பதிவு உண்டா இல்லையா என்று காட்டும் போலீஸ் சான்றிதழ், எடுத்துப் பாருங்கள். எந்தப் போலீஸ் நிலையத்திலும் கைரேகை வைக்கலாம். அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட், அதன் நகல், கட்டணம், அவ்வளவுதான் தேவை. கட்டணம் அவ்வப்போது உயர்வதால் அன்றைய தொகையை நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் பிரிட்டோரியாவைச் சேர்ந்த பிறகு ஏறக்குறைய 15 வேலை நாட்கள் ஆகும். தாமதமாவதற்குப் பெரும்பாலும் கைரேகைதான் காரணம். சிமென்ட், ரசாயனம், சலவை, சலூன் வேலை செய்பவர்களின் விரல் கோடுகள் தேய்ந்திருக்கும். மை அதிகமானாலும் கோடுகள் ஒட்டிப்போகும். அப்படிப்பட்டவர்கள் இரண்டு மூன்று நாள் கைக்கு எண்ணெயோ கிரீமோ தடவி, ரேகை வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுப் போகலாம். நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரலை உருட்டி வைக்கிறார்களா என்று கவனியுங்கள். மணமான பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரையும் எழுத வேண்டும். சான்றிதழை அஞ்சலில் விடாமல் கூரியர் ஏற்பாடு செய்துகொள்வதே பாதுகாப்பு. தனியார் நிறுவனங்கள் ஓரிரு நாளில் கைரேகையைச் சரிபார்த்துச் சொல்வார்கள். பதிவு இருக்கிறதா என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள அது உதவும். தூதரகங்கள் கேட்பது போலீஸ் தரும் சான்றிதழை.

வழக்கு வாபஸ் ஆகியும், விடுதலையாகியும் சிலருக்குச் சான்றிதழ் இழுத்தடிக்கும். கைரேகை பிரிட்டோரியாவுக்குப் போனது, தீர்ப்பின் விவரம் பின்னால் போகவில்லை என்பதே இதற்கு வழக்கமான காரணம். வழக்கு நடந்த கோர்ட்டின் கிளார்க்கிடம் போய் முடிவின் சான்றளிக்கப்பட்ட நகலை வாங்கிப் பிரிட்டோரியாவுக்கு அனுப்பினால் சரியாகும்.

இனி பதிவை அழிப்பது பற்றி. வக்கீல் ஆபீசில் இதை எக்ஸ்பஞ்ச்மென்ட் என்பார்கள். 2008ஆம் ஆண்டின் 65ஆம் எண் திருத்தச் சட்டம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 271ஏ முதல் 271இ வரையிலான பிரிவுகளைச் சேர்த்த பிறகு வந்த உரிமை இது. தண்டனை பெற்ற நாளிலிருந்து 10 ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். அந்த 10 ஆண்டுக்குள் அபராதத்துக்கு வாய்ப்பில்லாத சிறைத்தண்டனை எதுவும் பெற்றிருக்கக் கூடாது. பழைய தண்டனையும் சட்டம் சொல்லும் வகைக்குள் வர வேண்டும்: 20,000 ராண்டுக்கு மேற்படாத அபராதம், முழுவதும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை, எச்சரித்து விட்டது, தண்டனையைத் தள்ளிவைத்தது, சீர்திருத்தக் கண்காணிப்பு போன்றவை. அந்தக் காலத்துப் பிரம்படித் தண்டனையும் இதில் அடங்கும். குழந்தைகளுக்கோ மனவளர்ச்சி குன்றியோருக்கோ எதிரான பாலியல் குற்றங்களுக்கு இந்த வழி கிடையாது.

நம் தாத்தா பாட்டி காலத்தில், கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய பாஸ் சட்டத்தின் கீழும், இனம் கடந்த உறவைக் குற்றமாக்கிய இம்மொராலிட்டி சட்டத்தின் 16ஆம் பிரிவின் கீழும் தண்டிக்கப்பட்டவர்களின் பதிவுகள் தனி. 271சி பிரிவு அவற்றைத் தானாகவே அழிக்கச் சொல்கிறது. அப்படியும் அது யாருடைய சான்றிதழிலாவது எட்டிப்பார்த்தால் நீதித்துறைக்கு எழுதி நீக்கச் சொல்லலாம். அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை, அந்தச் சட்டங்கள்தான் வெட்கப்பட வேண்டியவை.

அழிக்க விரும்புபவர் செய்ய வேண்டியது இது. மேலே சொன்ன போலீஸ் கிளியரன்ஸின் அசல், 10 ஆண்டு கடந்ததைக் காட்டும்படி, கையில் இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட் கோர்ட்டிலோ நீதித்துறை இணையதளத்திலோ ஜே744 என்ற படிவம் கிடைக்கும். அதை நிரப்பி, கிளியரன்ஸின் அசலையும் அடையாள அட்டை நகலையும் சேர்த்து, நீதி மற்றும் அரசியலமைப்பு மேம்பாட்டுத் துறையின் தலைமை இயக்குநருக்குப் பிரிட்டோரியாவுக்கு அனுப்ப வேண்டும். அரசு இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. மூன்று மாதமாவது ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் எத்தனை தண்டனை இருக்கிறதோ அத்தனையையும் படிவத்தில் எழுதுங்கள். ஒன்றை விட்டாலும் கோப்பு திரும்பி வரும்.

இதில் மிக அதிகமாக நடக்கும் தவறு கடைசியில் நடக்கிறது. தலைமை இயக்குநரிடமிருந்து அழிப்புச் சான்றிதழ் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். போலீஸ் கணினியில் அதுவரை எதுவும் மாறியிருக்காது. அந்தச் சான்றிதழை நாமே போலீஸ் குற்றப் பதிவு மையத் தலைவருக்கு அனுப்ப வேண்டும், அதன் பிறகு 21 வேலை நாட்களுக்குள் பதிவை நீக்குவார்கள். நீக்கியதை எழுத்தில் உறுதிப்படுத்தும்படியும் கேட்டு வாங்குங்கள். பிறகு புதிதாக ஒரு கிளியரன்ஸ் எடுத்து, அது சுத்தமாக வருகிறதா என்று பார்த்த பின்பே வெளிநாட்டுக் காகிதங்களைத் தொடங்குங்கள். எல்லாம் சேர்த்து ஆறு ஏழு மாதம் ஆகும். வேலை கிடைத்த பிறகு தொடங்கினால் எந்த முதலாளியும் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்.

மேற்சொன்ன வகைக்குள் வராதவர்களுக்கு அரசியலமைப்புச் சட்டம் 84ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரிடம் மன்னிப்புக் கோரும் வழி இருக்கிறது. அது நீண்ட பாதை. விளைவுகளை விளக்காமல் அட்மிஷன் ஆஃப் கில்ட் கட்ட வைத்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்டு அந்தத் தண்டனையையே ரத்து செய்யச் சொல்லலாம். நீதிமன்றங்கள் அப்படி ரத்து செய்ததும் உண்டு. வக்கீல் செலவு ஆகும். ஆனால் 10 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்கா போக நினைப்பவர்களுக்கு இதில் கூடுதல் பலனும் இருக்கிறது. வழக்கு நடத்திய முறையில் இருந்த சட்டப் பிழைக்காக ரத்தான தண்டனையைத் தண்டனையே இல்லை என்று அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் ஏற்கும். எக்ஸ்பஞ்ச் செய்த தண்டனையை அது அப்படி ஏற்பதில்லை.

வெளிநாடுகளின் பக்கம் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். தென்னாப்பிரிக்க அரசு அழித்தது தென்னாப்பிரிக்கப் பதிவை. வெளிநாட்டு விசாப் படிவம் அந்த நாட்டுச் சட்டப்படி கேள்வி கேட்கிறது. அமெரிக்காவின் டிஎஸ்-160 படிவத்தில் எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, தண்டிக்கப்பட்டீர்களா, மன்னிப்போ அதுபோன்ற நடவடிக்கையோ கிடைத்திருந்தாலும் சொல்லுங்கள் என்று இருக்கும். பண்ணை வேலைக்கு எச்-2ஏ விசாவில் போகிறவரும், கப்பலில் வேலை செய்ய சி1/டி விசா கேட்கிற டர்பன் பிள்ளையும் இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்றே எழுத வேண்டும். கைது என்ற சொல்லும் அதில் இருக்கிறது, அதனால் வாபஸ் ஆன வழக்கும் அதற்குள் வரும். ஆம் என்று எழுதினால் விசா இல்லை என்று பயப்பட வேண்டாம். திருட்டு போன்ற ஒழுக்கக்கேடான குற்றம் ஒன்றே ஒன்று இருந்து, அதற்கான அதிகபட்ச தண்டனை ஓராண்டுக்கு மேற்படாமலும், கோர்ட் விதித்தது ஆறு மாதத்துக்கு மேற்படாமலும் இருந்தால் அவர்கள் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அதற்குள் வராதவருக்குத் தற்காலிக விசாவுக்கான சிறப்பு விலக்கைத் தூதரக அதிகாரி பரிந்துரைக்கலாம். போதைப்பொருள் தண்டனைக்கு அந்தச் சிறு குற்ற விலக்கு பொருந்தாது. தனியிடத்தில் டாகா புகைப்பது குற்றமல்ல என்று நம் அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இல் சொன்னது. அதற்கு முன் பெற்ற தண்டனையை அமெரிக்க அதிகாரி அதை வைத்துத் தள்ளிவிட மாட்டார். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு ஐந்து ஆண்டுக்குள் நடந்திருந்தால் அவர்கள் குறிப்பிடும் மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

பிரிட்டனில் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்குப் பொதுவாக விசா மறுக்கப்படும். அதற்குக் குறைந்தது, அபராதம் போன்றவை அதிகாரியின் முடிவுக்கு உட்பட்டவை. பழைய சிறிய அபராதத்தை ஒளிக்காமல் சொன்னவருக்கு அது தடையாக நிற்பது குறைவு. மறைத்துப் பிடிபட்டால் பொய் சொன்னதற்காக 10 ஆண்டு தடை விழக்கூடும். சிறிய திருட்டு ஒன்று அவ்வளவு பெரிய தண்டனையைக் கொடுத்திருக்காது, பொய் கொடுக்கும். தாதியர், ஆசிரியர் போன்ற வேலைகளுக்கு, கடைசி 10 ஆண்டில் 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் குற்றப் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். துபாயில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவர் அங்கிருந்தும் வாங்க வேண்டும்.

கனடாவின் கணக்கு வேறு. நம் குற்றத்தை அவர்கள் சட்டத்தில் உள்ள குற்றத்துடன் ஒப்பிட்டு, அங்கே அதற்கு எவ்வளவு தண்டனை என்று பார்ப்பார்கள். ஒரே ஒரு சிறு குற்றம், அங்கே அதற்கு 10 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை என்றால், தண்டனை முழுவதும் முடிந்து 10 ஆண்டு ஆனதும் திருந்தியவராகக் கருதுவார்கள். நாள் எண்ணும் இடத்தைக் கவனியுங்கள்: அபராதமானால் கடைசித் தவணை கட்டிய நாள், வண்டி ஓட்டத் தடை இருந்தால் அந்தத் தடை முடிந்த நாள். தீர்ப்பு நாளிலிருந்து எண்ணி ஒரு வருடம் முன்னதாக விண்ணப்பித்து மறுக்கப்படுபவர்கள் உண்டு. அபராத ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான். தண்டனை முடிந்து ஐந்து ஆண்டு ஆனவர், 10 ஆண்டு வரை காத்திராமல், தனியாக விண்ணப்பித்தும் அந்தத் தகுதியைப் பெறலாம். குடித்துவிட்டு ஓட்டுவதற்கான தண்டனையைக் கனடா 2018 டிசம்பர் 18 முதல் 10 ஆண்டாக உயர்த்திவிட்டது. அந்த நாளுக்குப் பின் நடந்த குற்றத்துக்குக் காலம் கடந்தால் தானாகக் கிடைக்கும் இந்தச் சலுகை இல்லை.

ஆஸ்திரேலியா 12 மாதமோ அதற்கு மேலோ உள்ள சிறைத்தண்டனையைப் பெரிய குற்றப் பின்னணியாகப் பார்க்கிறது. ஐந்நூறு ராண்டு அபராதம் அதன் அருகில்கூட வராது. அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

ஆங்கிலம் கற்பிக்கத் தென்கொரியா போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இ-2 விசாவுக்குப் போலீஸ் கிளியரன்ஸ், வெளிநாட்டில் செல்லும்படி ஆவணத்தை உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரையுடன் வேண்டும், ஆறு மாதத்துக்குள் எடுத்ததாகவும் இருக்க வேண்டும். அதில் ஒரு வரி தண்டனை இருந்தாலே பள்ளிகள் பெரும்பாலும் ஆளை எடுக்காது. இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு முன்கூட்டியே எக்ஸ்பஞ்ச் செய்வது மிகப் பெரிய உதவி. அப்போஸ்டில் போடுவது பிரிட்டோரியாவில் உள்ள டிர்கோ எனும் வெளியுறவுத் துறை. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேராத நாடு, அதனால் அங்கே போகிறவர்கள் டிர்கோவுக்குப் பிறகு அந்நாட்டுத் தூதரக முத்திரையும் வாங்க வேண்டும். சான்றிதழை லேமினேட் செய்துவிட்டால் எந்த முத்திரையும் குத்த முடியாது, புதிதாக எடுக்க வேண்டியதுதான்.

நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை பற்றியும் சொல்ல வேண்டும். "உள்ளேயே போகலையே, அது தண்டனையா" என்று கேட்பவர்கள் பலர். ஆறு மாதத்துக்கு மேல் விதித்து முழுவதையும் நிறுத்திவைத்திருந்தாலும், அமெரிக்கச் சட்டம் விதித்த காலத்தைத்தான் எண்ணும். அதனால் தீர்ப்பின் சரியான வாசகம் முக்கியம். எந்த நாட்டுக்குப் போனாலும் தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலை வழக்கு நடந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு எண், போலீஸ் சிஏஎஸ் எண் (போலீஸ் நிலையத்தில் பதிந்த வழக்கின் எண்), தேதி கையிலிருந்தால் கிளார்க்குக்குத் தேடுவது எளிது. பழைய கோப்புகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிடுவார்கள். அப்போது கோப்பு இல்லை என்று கோர்ட் முத்திரையுடன் ஒரு கடிதம் வாங்குங்கள், தூதரகங்கள் அதைக் கேட்கும். எக்ஸ்பஞ்ச் செய்வதற்கு முன்பே இவற்றை எடுத்து வையுங்கள். பதிவு போன பிறகு எந்த வழக்கு, எந்தத் தேதி என்று கண்டுபிடிப்பதே பாடாகிவிடும்.

'நாங்கள் உங்கள் பதிவை அழித்துத் தருகிறோம்' என்று ஆயிரக்கணக்கில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு உதவிக் கூலி வாங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள், தலைமை இயக்குநரின் கையெழுத்துக்குக் குறுக்கு வழி கிடையாது. வெளிநாட்டு விசாப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லும் ஏஜென்ட் இன்னும் ஆபத்தானவர். கையெழுத்து உங்களுடையது, தடையும் உங்கள் பெயரில்தான் விழும்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜே744 படிவத்தின் சில நகல்களை அலுவலகத்தில் வைத்து, மாதத்தில் ஒரு சனிக்கிழமை யாராவது உட்கார்ந்து நிரப்பித் தந்தால் எத்தனையோ குடும்பங்களுக்குப் பயன்படும். கூட்டத்தில் கேட்க வெட்கப்படுவார்கள், அதனால் தனி அறை இருக்கட்டும்.

இளைஞர்களும் பெற்றோரும் இதை மனத்தில் வைக்க வேண்டும். பிடிபட்ட இரவில் போலீஸ் நிலையத்தில் பணம் கட்டச் சொன்னால், அது ஜாமீனா, அட்மிஷன் ஆஃப் கில்டா என்று கேளுங்கள். சிறு குற்றங்களுக்கு 59ஆம் பிரிவின்படி போலீசே ஜாமீன் தரலாம். கோர்ட்டுக்கு ஒழுங்காக வந்தால் வழக்கு முடிந்ததும் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது. கோர்ட்டில் முதல் குற்றம் என்பதைச் சொல்லி டைவர்ஷன், அதாவது தண்டனைக்குப் பதில் பயிற்சிக்கு அனுப்புவது, கேட்கலாம். நிக்ரோ போன்ற அமைப்பின் பயிற்சியை முடித்தால் வழக்கு வாபஸ் ஆகும், தண்டனைப் பதிவு ஏறாது. கையெழுத்துப் போடும் முன் லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிகாவின் இலவச எண்ணான 0800 110 110க்குப் பேசலாம். அலுவலக நேரம் முடிந்திருந்தால் ஜாமீன் கேட்டு வெளியே வந்து, மறுநாள் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டர்பன்